காற்றிலுள்ள நீராவியும் தரையின் வெப்பமும்: கேள்வி பதில்

மயிலாப்பூர் வாசகி: மே மாதத்தில் ஒருநாள் காலை 28 டிகிரியில் ஒப்பு ஈரப்பதம் 85 சதவீதம், பிற்பகல் 35 டிகிரியில் 58 சதவீதம். காற்று உலர்ந்துவிட்டதா?

இல்லை, அம்மா. காற்றில் இருக்கும் நீராவி, அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய உச்ச அளவில் எத்தனை பங்கு என்பதையே அந்தச் சதவீதம் சொல்கிறது. அந்த உச்சமோ வெப்பத்தோடு சேர்ந்து ஏறுவது: ஒரு கன மீட்டருக்கு 28 டிகிரியில் சுமார் 27 கிராம், 35 டிகிரியில் சுமார் 40 கிராம். ஆகவே இரண்டு வேளையிலும் காற்றில் இருந்தது அதே 23 கிராம்தான். ஃபிரிட்ஜ் தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி வையுங்கள். அன்றைய காற்றில், சுமார் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் முத்துமுத்தாக அரும்பும். இந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். புழுக்கத்தை அளக்க நான் சதவீதத்தை நம்புவதில்லை; பனிநிலையையே பார்ப்பேன்.

பெரம்பூர் வாசகர்: பாலைவனத்தில் இரவு குளிர்கிறது, இங்கே விடியற்காலை நான்கு மணிக்கும் வியர்க்கிறதே?

தரை அகச்சிவப்புக் கதிராக வெளிவிடும் வெப்பத்தில் பெரும்பகுதியை நீராவி உறிஞ்சி, ஒரு பங்கைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. உலர்ந்த பாலைவன வானத்தில் இந்தப் போர்வை மெல்லியது. ஆனால் பழி முழுவதும் நீராவிக்கு உரியதன்று. கடலின் வெதுவெதுப்பும், சுவர்கள் பகலெல்லாம் வாங்கி வைத்த சூடும் இதில் சேர்ந்தே இருக்கின்றன.

தாம்பரம் ஆசிரியர்: நீராவியே பெரிய பசுமைக்குடில் வாயு என்றால், கார்பன் டை ஆக்சைடைக் குறை சொல்வானேன்?

நியாயமான கேள்வி, ஐயா. இயற்கையான பசுமைக்குடில் விளைவில் ஏறத்தாழப் பாதி நீராவியால் வருவதுதான். ஆனால் கூடுதலாகச் சேரும் நீராவி பத்து நாளுக்குள் மழையாக இறங்கிவிடும். எவ்வளவு தங்கும் என்பதை வெப்பநிலையே தீர்மானிக்கிறது. கார்பன் டை ஆக்சைடு அப்படிக் குளிர்ந்து இறங்குவதில்லை. அதன் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்குகிறது. அது வெப்பத்தைச் சற்று உயர்த்த, காற்று டிகிரிக்கு ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியை ஏற்க, அந்த நீராவி மேலும் சூடேற்றுகிறது. அசலோடு வட்டியும் சேர்ந்து பெருகும் கடன் போல. எதிர்த்திசையிலும் இதைக் கண்டார்கள்: 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபின் பூமி சுமார் அரை டிகிரி குளிர்ந்தபோது, வளிமண்டல நீராவியும் குறைந்தது.

திருவான்மியூர் வாசகி: மொட்டைமாடியில் மாலையில் தண்ணீர் தெளித்தால் பயன் உண்டா?

உண்டு. ஆவியாகும் நீர் தளத்தின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கடல்காற்று ஈரத்தைச் சுமந்து வரும் வேளையில் மட்டும் நீர் மெல்லவே காயும். அப்போது ஒரு வாளி போதும்.