இருதலைப்பட்சியும் பாரசீகப் பட்டும்

கேள்வி: பழைய பாரசீகப் பட்டுத் துணிகளின் படங்களில் விலங்குகள் எதிரெதிராக ஜோடியாகவே நிற்பது ஏன்? அவற்றில் கண்ட இருதலைப் பறவை என் பாட்டியின் காஞ்சிபுரம் புடவையிலும் உள்ளதே, அது அங்கிருந்து வந்ததா?
— ஒரு வாசகி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: முதல் கேள்விக்குத் தறியே பாதி விடை சொல்லிவிடும். கயிறுகளை இழுத்து உருவங்களை நெய்யும் இழுதறியில், நீளவாக்கில் ஓடும் எந்தப் பாவு இழைகள் எப்போது மேலெழ வேண்டும் என்பதை அவற்றில் கட்டிய கயிறுகள் தீர்மானிக்கின்றன. ஒரு யானைக்கான கயிறுகளையே பக்கத்து இழைகளில் எதிர்வரிசையில் சேர்த்துக் கட்டிவிட்டால், அதே இழுப்பில் எதிரே இன்னொரு யானை எழுந்துவிடும். அரச மகிமை, காவல் என்று அறிஞர்கள் கூறும் பொருள்களை நான் மறுக்கவில்லை; ஆயினும் நெசவாளியின் சிக்கனத்துக்கும் அதில் பங்கு உண்டு.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, கிழக்குப் பாரசீகப் பகுதியான குராசானின் பட்டு இதற்கு நல்ல சான்று. எதிரெதிரே இரு யானைகள், ஓரத்தில் வரிசையாக இரட்டைத் திமில் ஒட்டகங்கள், யானைகளின் காலடியில் கூஃபி என்ற பழைய அரபு எழுத்து வடிவில் அபூ மன்சூர் பக்தகீன் என்ற தளபதிக்கு நீண்ட ஆயுள் வேண்டும் ஒரு வாழ்த்து. அந்தத் தளபதியோ 961-இல் கொல்லப்பட்டார். ஆகவே, பலிக்காத அந்த வாழ்த்தே துணியின் காலத்தை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. யானையும் அரபு வாசகமும் கொண்ட இதே துணியில்தான் 1134-இல் பிரான்சில் ஒரு கிறிஸ்தவப் புனிதரின் எலும்புகளைச் சுற்றி வைத்தார்கள்.

இருதலைப் பறவை விஷயத்தில் சற்று எச்சரிக்கை தேவை. 1920-களில் ஈரானின் ரேய் நகரத்துக் கல்லறைகளிலிருந்து கிடைத்தவை என்று விற்பனைக்கு வந்த பட்டுகளில் இவ்வுருவம் உண்டு. ஆனால் அவ்வகைத் துணிகளில் பலவற்றைக் கதிரியக்கக் கார்பன் சோதனை அண்மைக்காலப் போலிகள் என்று காட்டிவிட்டது. மேலும், இன்றைய பாகிஸ்தானில் உள்ள தட்சசீலத்தின் சிர்கப் பகுதி ஸ்தூபியில் இருதலைக் கழுகு சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செதுக்கப்பட்டுவிட்டது. உங்கள் ஊரில் அரசு முத்திரையாக நாள்தோறும் காணும் கண்டபேருண்டமும் இப்பறவைதான். ஆகவே பாரசீகத்திலிருந்துதான் வந்தது என்று சொல்ல நான் துணிய மாட்டேன்.

நெய்முறையும் வேறு. பாரசீகத்தின் அந்தப் பழம்பட்டுகளில் குறுக்கே ஓடும் பல நிற ஊடை இழைகள் பாவு இழைகளை மூடி, முகப்பு முழுவதையும் தாமே நிரப்பும். பாட்டியின் புடவையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பட்டு தனியாக நெய்யப்பட்டிருக்க, பட்சிக்காக மட்டும் கூடுதல் ஜரிகை ஊடை ஓடியிருப்பது தெரியும்.