பேரூராட்சியில் பிறந்தது குற்றமா?

கே: எங்கள் ஊர் குலசேகரம், சுற்றிலும் ரப்பர்தான். நான் பால்வெட்டுக்குப் போகிறேன். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. பக்கத்து ஊராட்சியில் இருக்கும் என் அக்கா நூறு நாள் வேலைக்கு அட்டை வாங்கினாள். நான் கேட்டால் ‘நீங்க டவுண்’ என்கிறார்கள். இது எந்த ஊர் டவுண்?
- ஒரு வாசகி

ப: காகிதத்தில் இருக்கிற டவுண், அம்மா. 2005-ல் அந்தச் சட்டத்தை எழுதும்போதே கிராமப்புறத்துக்கு மட்டும் என்று எழுதிவிட்டார்கள், பேரூராட்சி அதில் வராது. 2011 கணக்கெடுப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நூற்றுக்கு 82 பேர் நகரவாசிகள், சென்னையை விட்டால் தமிழ்நாட்டில் நாம்தான் முதல், கோயம்புத்தூர்கூட நமக்குப் பின்னால்! கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் நம் ஊர்களின் அமைப்பே வேறு. ஒரு வீடு, அதைச் சுற்றி விளை என்கிற தோட்டம், விளை முடிகிற இடத்தில் அடுத்த வீடு என்று தோவாளையிலிருந்து விளவங்கோடு வரை நெருக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும், அதில் பெரும்பகுதியைப் பேரூராட்சிகளாக்கி வைத்திருக்கிறோம். பெயர் மாறியதால் ரப்பர் மரம் மாறிவிடுமா? உங்கள் கூலியும் மாறவில்லை.

கே: நான்குவழிச் சாலைக்கு எங்கள் வயலில் 12 சென்ட் போனது. பேரூராட்சி என்பதால் பணம் குறையுமா? ஊராட்சியில் இருக்கும் என் மச்சானுக்கு அதிகம் என்கிறார்கள்.
- வில்லுக்குறி வாசகர்

ப: குறையும். 2013 நிலமெடுப்புச் சட்டத்தில் சந்தை மதிப்பை ஓர் எண்ணால் பெருக்குவார்கள். நகர்ப்புறம் என்றால் அந்த எண் 1. கிராமம் என்றால் 1 முதல் 2 வரை, எவ்வளவு என்று அரசு அறிவிக்கும். அதற்கு மேல் அதே அளவு ஆறுதல் தொகை. ஆக 10 லட்சம் மதிப்புள்ள வயலுக்கு உங்களுக்கு 20 லட்சம், மச்சானுக்கு 2 என்று வைத்தால் 40 லட்சம். இரண்டு பேரும் நட்டது அதே நெல்!

இன்னொன்று, இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். அக்கம்பக்கத்து நிலங்களின் கடந்த மூன்று வருடப் பிரமாணங்களில், அதாவது கிரயப் பத்திரங்களில், விலை கூடிய பாதியை எடுத்துச் சராசரி போடுவார்கள். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க எல்லோருமாகக் குறைத்து எழுதிய விலைதான் அப்போது திரும்பி வந்து நம்மைக் கடிக்கிறது. சரி, தொகை போதாது என்றால் நடுவரிடம் மனு கொடுக்கலாம், பழைய பிரமாண நகல்களைச் சேர்த்துவிட்டுப் போங்கள்.

கே: வயலை விற்றால் வருமான வரி வருமா? எங்களுடையது பேரூராட்சி இல்லை, ஊராட்சிதான்.
- பெயர் வேண்டாம்

ப: ஊராட்சி என்று நிம்மதியாக இருக்காதீர்கள். 10,000 பேருக்கு மேல் உள்ள பேரூராட்சியின் எல்லையிலிருந்து 2 கி.மீ.க்குள் இருந்தால் விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கும் மூலதன ஆதாய வரி என்ற பெயரில் வருமான வரி உண்டு, நாகர்கோவிலைச் சுற்றி அது 6 கி.மீ. தூரத்தை ரோட்டு வழியாக அளக்க மாட்டார்கள், நேர்கோட்டில்தான். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.