பாவம் யார், மூப்பரா?

கேள்வி: மலேசியாவில் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் ஒரு தொழிற்சாலையில் 27 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கிறேன். எங்கள் சபை மூப்பர் என்னை 60,000 வெள்ளி (ரிங்கிட்) போட்டுத் தம் கேட்டரிங் தொழிலில் பங்காளியாகச் சேரச் சொல்கிறார். என் மகளையும் தம் மகனுக்குக் கேட்கிறார். என் மனைவியோ, கூட வேலை பார்த்த இந்து நண்பரோடு சேர்ந்து சாப்பாட்டுக் கடை போடச் சொல்கிறாள். "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்று வேதம் சொல்கிறதே! மூப்பர் நல்ல ஜெபவீரர். இப்போது கொஞ்சம் பணமுடை. ஆட்களின் சம்பளத்தில் பிடித்த இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணத்தைக்கூட நான்கு மாதமாகக் கட்ட முடியவில்லை, பாவம். இது கர்த்தருடைய சித்தம்தானா?

பதில்: பாவம் என்று எழுதியிருக்கிறீர்கள், சகோதரரே. யார் பாவம்? விடியற்காலையில் வந்து அடுப்பு மூட்டுகிற அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. மூப்பர் மேல்தான் உங்களுக்கு இரக்கம்.

1,700 வெள்ளி வாங்கும் மலேசியத் தொழிலாளிக்கு மாதம் 187 வெள்ளி பிடிப்பார்கள். முதலாளி தம் பங்காக 221 வெள்ளி சேர்த்து அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். நான்கு மாதத்துக்கு ஓர் ஆளுக்கு 1,632 வெள்ளி. அதில் 748 வெள்ளி அந்தப் பிள்ளை உழைத்த சொந்தச் சம்பளம். தம் பங்கைப் போட முடியவில்லை என்றாலாவது பணமுடை என்று கேட்டுக்கொள்ளலாம். பிடித்ததையே கட்டவில்லை என்றால் அடுத்தவன் காசை எடுத்துச் செலவழித்திருக்கிறார் என்று அர்த்தம். 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டப்படி அது குற்றம். சட்டம் கிடக்கட்டும், யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தருடைய செவியில் விழுகிறது என்று அங்கே எழுதியிருக்கிறது.

நீங்கள் போடப்போகும் 60,000 வெள்ளி எங்கிருந்து வந்தது? 27 வருடமும் ஒருவர் உங்கள் கணக்கில் ஒழுங்காகக் கட்டியதால் வந்தது. அந்த முதலாளி என்ன மதம் என்று ஒரு நாளாவது விசாரித்தீர்களா?

நுகத்தைப் பற்றிய வசனத்தை நான் லேசாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை. கல்யாணத்தில் இருவருக்கும் ஒரே விசுவாசம் வேண்டும் என்பதில் நான் அசையமாட்டேன். ஆனால் நீங்கள் வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். "நீதிக்கும் அநீதிக்கும் சம்பந்தமேது?" என்று அதே வசனம் தொடர்கிறது. சம்பந்தம் பேச வந்தவரின் வீட்டு வாசலில் நின்று நீங்கள் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

தொழில் பங்கும் நுகம்தான், மறுக்கவில்லை. 1961ஆம் ஆண்டுப் பங்காளிச் சட்டப்படி, நீங்கள் பங்காளியாக இருக்கும்போது தொழிலுக்காக ஏற்படும் கடனுக்கு நீங்களும் பொறுப்பு. உங்கள் சொந்தச் சொத்து வரைக்கும் கை வைப்பார்கள். அதனால் நண்பரோடு சேர்ந்தாலும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் கடை திறக்குமா, வெள்ளிக்கிழமை பூசைக்கு நீங்கள் நிற்க வேண்டுமா, பீர் விற்பீர்களா, காசோலையில் இருவரும் கையெழுத்துப் போடுவீர்களா? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற மனிதர் என்றால் நான் தடுக்கமாட்டேன். தேவாலயம் கட்டக் கேதுரு மரம் வேண்டியபோது சாலொமோன் தீருவின் புறஜாதி ராஜாவான ஈராமோடுதான் உடன்படிக்கை செய்தான்.

அப்புறம் உங்கள் மகள். அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லையே! பெண்ணையும் பணத்தையும் ஒரே மூச்சில் கேட்கிற வீட்டில் நாளைக்குக் கணக்குத் தகராறு வந்தால், இரண்டு பக்கமும் பேச முடியாமல் நடுவில் நிற்கப்போவது அவள்தான். அப்பா ஸ்தானத்தில் இருக்கிறவர் இதை முதலில் யோசித்திருக்க வேண்டும். இரண்டையும் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். பையனைப் பற்றி அவளிடம் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பேச்சை அதோடு விடுங்கள்.

மூப்பரிடம் நேரில் போங்கள். ஆட்களின் நிலுவையை முழுவதும் கட்டிய ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளும் அவரவர் கைப்பேசியில் இபிஎப் கணக்கைத் திறந்து, பணம் ஏறிவிட்டது என்று அவர்கள் வாயால் சொல்லட்டும். "நீங்க பணத்தைப் போடுங்க, அதிலிருந்து கட்டிடலாம்" என்று அவர் சொன்னால், டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.