ஆலை அணைக்கரையில் ஈரம்

கேள்வி: ஊருக்கு மேற்கே தனியார் ஆலை ஒன்றின் மண் அணை இருக்கிறது. ஆறு மாதமாகக் கரையடியில் ஈரம். 'எல்லா அணையும் கசியும், ஆச்சி' என்கிறார்கள். பயப்பட வேண்டுமா?
– ஒரு வாசகி, காரைக்குடி பக்கம்

பதில்: அவர்கள் சொன்னது பாதி சரி. மண் கரை கசியத்தான் செய்யும். நம் கண்மாய்க் கரைகள் கசியாதவையா? கசிவின் நிறம்தான் முக்கியம். கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாக இருந்து, அளவும் கூடாவிட்டால் கவனித்து வந்தால் போதும். அடியில் வண்டல் படிந்தால், தண்ணீர் கரையின் உள்மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அன்றே வட்டாட்சியரிடம் சொல்லுங்கள்; நீர்மட்டத்தை இறக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கலுங்கு, அதாவது மிகுதி நீர் வெளியேறும் வழி. மீனுக்காக வலையும் பலகையும் வைத்து அடைத்த கலுங்குகளைப் பணிக்காலத்தில் நிறையப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். மண் கரைமேல் வெள்ளம் வழிந்தால் கரை நிற்காது.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் தனியாருக்கும் உண்டு. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணையை உரிமையாளர் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்தாக வேண்டும். அறிக்கையைக் கேளுங்கள். 10 மீட்டருக்கும் குட்டை என்றால் அந்தச் சட்டம் வராது; திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள், பாட்டிலையும் எடுத்துப் போங்கள்.