மூடுலில் கெடு நாளை ஒரு நிகழ்வைச் சார்ந்து அமைக்க முடியுமா?

“ஆய்வக வகுப்பு முடிந்த 3 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பதைத் தேதி குறிக்காமல் மூடுலில் அமைக்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி ஒன்றின் மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தைக் கவனித்துக்கொள்பவன் என்ற முறையில் என் பதில் இது: ஒரு பணி எப்போது திறக்க வேண்டும் என்பதை நிகழ்வோடு பிணைக்கலாம், ஆனால் ஒப்படைப்பின் (மாணவர் அறிக்கையைப் பதிவேற்றும் பணியின்) கெடு நிலையான தேதியாகவே பதிவாவதால், அதை அப்படிப் பிணைக்க வழக்கமான அமைப்பில் இடமில்லை.

சார்புத் தேதியைக் கொண்டு அணுகலைக் கட்டுப்படுத்தும் செருகுநிரல் (தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் மென்பொருள்) ஒன்று இருக்கிறது. மாணவர் பாடத்தில் சேர்ந்த நாள், பாடம் தொடங்கும் நாள், வேறொரு செயல்பாட்டை முடித்த நேரம் ஆகியவற்றிலிருந்து இத்தனை நாள் என்று அது கணக்கிடும். இதையே கெடுவாக்கி, நாள் கடந்ததும் பூட்டிவிடும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூட்டிய பிறகு, உரிய நேரத்தில் அறிக்கை தந்த மாணவரும் அந்தப் பக்கத்தைத் திறந்து ஆசிரியரின் குறிப்பைப் படிக்க முடியாது. நாட்காட்டியிலும் கெடு தெரியாது என்பதால், தொலைபேசி அழைப்புகள் எல்லாம் ஆசிரியருக்கே வரும்.

உங்கள் தேவைக்குக் குழுவாரியான விலக்கே (override), அதாவது பொதுவான தேதிக்குப் பதிலாக ஒரு குழுவுக்கு மட்டும் வேறு தேதி கொடுப்பதே, பொருத்தமானது. திங்கள் அணி, புதன் அணி என்று குழுக்களை அமைத்து, ஒப்படைப்பின் விலக்குப் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் கெடு நாளையும், அதற்கு மேல் எதையும் ஏற்காத இறுதி நாளையும் தனித்தனியே கொடுங்கள். இறுதி நாளை விட்டுவிட்டால், தாமதம் என்ற குறிப்போடு அறிக்கைகள் வந்துகொண்டே இருக்கும். ஒருவர் இரு குழுக்களில் இருந்தால், பட்டியலில் மேலே உள்ள விலக்கே செல்லும். வகுப்பு தள்ளிப்போனால் அந்த அணியின் விலக்கை மட்டும் திருத்தினால் போதும். தனி மாணவருக்கான விலக்கு இவை எல்லாவற்றையும் மீறும்.

அடுத்த ஆண்டு அதே பாடத்தைப் புதிய மாணவர்களுக்காக மீட்டமைக்கும்போது (reset), புதிய தொடக்க நாளைக் கொடுத்தால் தேதிகள் அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப நகரும். இங்கே கிழமையைப் பாருங்கள். 2024 ஜூலை 1, திங்களன்று தொடங்கிய பாடத்துக்கு 2025 ஜூலை 3, வியாழனைக் கொடுத்தால், ஜூலை 12 வெள்ளி இரவில் இருந்த கெடு ஜூலை 14 திங்கள் இரவுக்குப் போய்விடும்; வகுப்பு வியாழனன்று தொடங்கினாலும் ஜூன் 30 திங்களையே தொடக்க நாளாகக் கொடுத்தால் வெள்ளி வெள்ளியாகவே இருக்கும். மீட்டமைக்கும் பக்கத்திலேயே மாணவர் தரவை அழிக்கும் தெரிவுகளும் இருப்பதால், முதலில் காப்புநகல் எடுத்துவிடுங்கள்.