புதிய தத்துப்பூச்சி என்று எவ்வாறு உறுதி செய்கிறார்கள்?

கேள்வி: உகாண்டா நாட்டு மழைக்காட்டில் 2018-இல் பிடிபட்ட ஒரு தத்துப்பூச்சியை, 2022-இல்தான் புதிய இனமாக அறிவித்தார்கள் என்று படித்தேன். இடையில் இத்தனை ஆண்டுகள் எதற்கு? அது புதியது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?
- தேனி வாசகி ஒருவர்

பதில்: தாங்கள் குறிப்பிடுவது, செடிச் சாற்றை உண்டு வாழும் சிறு பூச்சிகளான தத்துப்பூச்சிகளுள் ‘புளோகிஸ் கிபாலென்சிஸ்’ என்னும் இனம். மேற்கு உகாண்டாவின் கிபாலே தேசியப் பூங்காவில் அதைக் கண்டெடுத்தவர், இங்கிலாந்தின் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்வின் ஹெல்டன். பெயரின் பின்பாதி அந்தக் காட்டைக் குறிக்கிறது. உலோகம் போன்ற மினுமினுப்பும் குழிகள் நிறைந்த உடலும் கொண்ட இப்பூச்சியின் பேரினத்தை (நெருங்கிய இனங்கள் அடங்கிய தொகுதியை) சேர்ந்த எதுவும், 1969-இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் கிடைத்த பின்னர் 2018 வரை யார் கண்ணிலும் படவில்லை.

பருத்தி பயிரிடுவோர் நன்கறிந்த தத்துப்பூச்சியின் குடும்பத்தில் இதுவரை பெயர் பெற்றவை மட்டுமே 20,000 இனங்களுக்கு மேல் உள்ளன. பின்காலில் வரிசையாக அமைந்த முட்களைக் கண்டு குடும்பத்தை எளிதில் சொல்லிவிடலாம். இனத்தைச் சொல்வதுதான் கடினம். ஒரே இனத்துக்குள் நிறம் மாறுவதுண்டு, வெவ்வேறு இனங்கள் ஒன்றுபோலத் தோன்றுவதும் உண்டு என்பதால், வெளித்தோற்றத்தை மட்டும் நம்ப இயலாது. ஆகவே ஆண் பூச்சியின் வயிற்று நுனியைப் பிரித்தெடுத்து, தசை கரையும்படி காரக் கரைசலில் இட்டு, எஞ்சும் இனப்பெருக்க உறுப்பின் வடிவை நுண்ணோக்கியில் பார்த்து வரைகிறார்கள். சில மில்லிமீட்டரே உள்ள உடலில் இதைச் சிதைக்காமல் செய்து முடிக்கும் கைத்திறனை நான் பெரிதும் மதிக்கிறேன். கிபாலே பூச்சியில் அவ்வுறுப்பின் ஒரு பகுதி இலை வடிவில் இருந்தது. பெண் பூச்சி மட்டும் கிடைத்தால், பல நேரங்களில் இனத்தை உறுதியாகச் சொல்லவே முடிவதில்லை.

அதன் பிறகு, அப்பேரினத்தில் முன்பு பெயரிடப்பட்ட ஒவ்வோர் இனத்தின் விவரிப்போடும், அருங்காட்சியகங்களில் உள்ள மூலமாதிரிகளோடும் (இனத்தின் பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்பட்ட பூச்சிகளோடும்) ஒப்பிட வேண்டும். அவற்றுள் பல பழைய நூல்களிலும் தொலைவான நாடுகளிலும் சிதறிக் கிடப்பவை. இத்தகைய பணியில் காலம் பெரும்பாலும் இங்கேதான் கரைகிறது. எதனோடும் பொருந்தாதபோது, பெயரைச் சுமக்கும் ஒரு பூச்சியை மூலமாதிரியாகக் குறித்து, ஏனையவற்றிலிருந்து அது வேறுபடும் கூறுகளை எழுதி ஆய்விதழில் வெளியிட்டால்தான் பெயர் செல்லும். இந்த இனத்தின் விவரிப்பு ‘சூடாக்ஸா’ இதழில் வெளியானது. பெயர் கிடைத்துவிட்டபோதிலும், அது எந்தச் செடியின் சாற்றை உண்டு வாழ்கிறது என்பது கண்டறியப்படாமலேயே அந்த விவரிப்பு வெளிவந்தது.