மைக்ரேனில் வகைகள் உண்டா? எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதானா?

"மாதத்துக்கு நான்கைந்து முறை தலைவலி வந்து படுத்துவிடுகிறேன். மைக்ரேனில் பல வகை உண்டு என்கிறார்கள். வகைக்கு வகை சிகிச்சை மாறுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறும். எவ்வளவு தூரம் மாறும் என்பது பதினாறு வருடம் வலித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான் மருத்துவர் அல்ல, இந்த வலியோடு குடித்தனம் நடத்துகிறவள். அந்த அளவில் படியுங்கள்.

ஒற்றைத் தலைவலி என்ற பெயரோடு எனக்கு ஒரு தீராத வழக்கு உண்டு. எனக்குப் பல சமயம் நெற்றியின் இரு பக்கமும் சேர்ந்தே வலிக்கும், மூக்கும் அடைத்துக்கொள்ளும். 'ஒற்றை' இல்லையே, அப்படியானால் இது சைனஸ்தான் என்று நானே தீர்ப்பு எழுதி, வருடக்கணக்கில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தேன். மைக்ரேன் இரு பக்கமும் வரலாம், அதனாலேயே மூக்கு ஒழுகலாம், கண்ணில் நீர் வரலாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் பார்த்த நரம்பியல் மருத்துவர் ஸ்கேன் எதுவும் எழுதவில்லை. கேள்விகள்தான் கேட்டார். மாடிப்படி ஏறினால் வலி கூடுகிறதா? விண்விண் என்று தெறிக்கிறதா? குமட்டுகிறதா? வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போகிறதா? மருந்து போடாவிட்டால் எத்தனை மணி நேரம் இருக்கும்? சாதாரண மைக்ரேன் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இந்த வகைதான்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் கதையை மாற்றியது. "வலிக்கு முன்னால் கண்ணில் ஏதாவது தெரியுமா?"

தெரியும். ஆனால் அதை நான் தலைவலிக் கணக்கில் சேர்த்ததே இல்லை. படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சொல்லின் நடு எழுத்து காணாமல் போகும். கண்ணைக் கசக்கினாலும் வராது. பிறகு அந்த இடத்தில் சின்னதாக ஒரு பளபளப்பு தோன்றும். அது வளைந்து, ரம்பப் பல் போன்ற விளிம்போடு அரிவாள் வடிவத்தில் பெரிதாகிக்கொண்டே ஓரத்துக்கு நகரும். இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பார்வையை விட்டு வெளியேறிவிடும். அதற்குப் பிறகு வலி. கண் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை மூக்குக்கண்ணாடி மாற்றியிருக்கிறேன்.

இதற்கு 'ஆரா' என்று பெயர். 1941-ல் கார்ல் லாஷ்லி என்ற உளவியல் அறிஞர் தன் கண்ணில் தெரிந்த இதே வளைவைத் தாளில் வரைந்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது என்று கணக்குப் போட்டார். 1944-ல் பிரேசிலைச் சேர்ந்த லியாவோ, வலிப்பு நோயை ஆராயப் போய், முயலின் மூளையில் கிட்டத்தட்ட அதே வேகத்தில் நகரும் ஓர் அலையைக் கண்டுபிடித்தார். நரம்பணுக்கள் வரிசையாகக் கொதித்து, பிறகு சற்று நேரம் அடங்கிப்போகும் அலை. நான் படித்த பக்கத்தில் காணாமல் போன எழுத்து அந்த அலையின் வேலை என்று அறிந்தபோது, பாதி பயம் போய்விட்டது.

சிகிச்சைக்கு இது ஏன் முக்கியம்? அப்போது நான் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆரா உள்ள மைக்ரேனில் பக்கவாத ஆபத்து சற்றே அதிகம். ஈஸ்ட்ரோஜன் அதை இன்னும் கூட்டும். மருத்துவர் தலைவலிக்கு மருந்து எழுதுவதற்கு முன்பே அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார், வேறு வழி காட்டினார். புகை பிடிப்பீர்களா என்றும் கேட்டுக்கொண்டார். ஆரா இல்லாதவளாக இருந்திருந்தால் பேச்சே வேறு திசையில் போயிருக்கும்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலை சுற்றலே முதன்மையாக, சில சமயம் வலியே இல்லாமல் வருவது ஒன்று. மாதவிடாயை ஒட்டி மட்டும் வருவது இன்னொன்று. நாள் முன்கூட்டியே தெரிவதால், அந்தச் சில நாட்களுக்கு மட்டும் தடுப்பு மருந்து கொடுப்பதும் உண்டு. ஒரு பக்கக் கை கால் தளரும் வகை அரிது, சில குடும்பங்களில் மரபு வழியாக வரும். குழந்தைகளுக்குத் தலைக்குப் பதில் வயிறு வலிக்கலாம். பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறது என்று திட்டு வாங்கும் பாவப்பட்ட கூட்டம் அது.

இனி மருந்து. வலி வரும்போது போடுவது வேறு, வராமல் தடுக்கத் தினமும் போடுவது வேறு. முதல் வகையில் நேரம்தான் எல்லாம். 'பார்க்கலாம், தானாகப் போய்விடும்' என்று மூன்று மணி நேரம் பொறுத்துவிட்டுப் போட்டால் பாதிப் பலன்தான். மைக்ரேனின்போது இரைப்பையும் சோம்பிவிடுகிறது. மாத்திரை அங்கேயே கிடக்கும். அதனால்தான் வாந்தி வராவிட்டாலும், இரைப்பையை அசைத்துவிட, கூடவே வாந்தியைத் தடுக்கும் மாத்திரையும் எழுதுகிறார்கள். பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் கேட்காவிட்டால் சுமாட்ரிப்டான் போன்ற, டிரிப்டான் எனப்படும் மைக்ரேன் மாத்திரைகள். ஆரா உள்ளவர்கள் பளபளப்பு தெரியும்போது அல்ல, வலி தொடங்கும்போது அதைப் போட வேண்டும். இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கு இது கூடாது.

இங்கேதான் நான் என் கையால் இன்னொரு வகைத் தலைவலியைச் செய்துகொண்டேன். காலண்டரில் மாத்திரை போட்ட நாளை எல்லாம் வட்டமிடச் சொன்னார் மருத்துவர். மாத முடிவில் எண்ணினால் 19 வட்டம். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், டிரிப்டான் 10 நாள் என்ற அளவைத் தொட்டு, அது மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், மருந்தே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். நிறுத்திய முதல் வாரம் நரகம். இரண்டாம் வாரம் ஒரு நாள் காலையில் விழித்தபோது தலையில் எதுவும் இல்லை. அந்த வெறுமையை நம்பாமல் கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன்.

தடுப்பு மருந்துகளில் பழையவை வேறு நோய்களுக்காக வந்தவை. ப்ரோப்ரனலால் இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வந்தது, ஆஸ்துமா இருந்தால் வேண்டாம். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்தது, தூக்கத்தையும் தரும். டோபிரமேட் வலிப்புக்கு வந்தது, விரல் நுனி குறுகுறுக்கும், கர்ப்ப காலத்தில் கூடாது. எது பொருந்தும் என்பதை வலியைவிட உங்கள் மற்ற நோய்களே தீர்மானிக்கின்றன. மைக்ரேனுக்கென்றே உருவான தடுப்பு மருந்து ஊசிகள் 2018-ல் வந்தன. வலியைத் தூண்டும் சிஜிஆர்பி என்ற புரதத்தை மறிக்கின்றன. மூன்று மாதத்துக்கு மேலாக, மாதத்தில் 15 நாளோ அதிகமோ தலைவலி இருந்து, அதில் 8 நாளாவது மைக்ரேனாக இருந்தால் அது நாள்பட்ட மைக்ரேன். அதற்கு போடாக்ஸ் ஊசியும் உண்டு, தலையிலும் கழுத்திலுமாக 31 இடத்தில், 12 வாரத்துக்கு ஒருமுறை. எந்தத் தடுப்பு மருந்தானாலும் இரண்டு மாதமாவது பொறுக்காமல் கைவிடாதீர்கள். வலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே அது வெற்றிக் கணக்கில் சேரும். எனக்கு ப்ரோப்ரனலால் அந்தப் பாதியைக் கொடுத்தது.

நீங்களும் காலண்டரில் இருந்தே தொடங்குங்கள்: வலி நாள், மாத்திரை நாள், கண்ணில் ஏதாவது தெரிந்ததா, மாதவிடாய் உண்டென்றால் அதுவும். ஆனால் ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, திடீரெனப் பேச்சுக் குழறல் அல்லது கை கால் தளர்ச்சி இவற்றில் ஒன்று வந்தால், வட்டம் போட்டுக்கொண்டு உட்காராமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.